பிள்ளை உண்டு என்று சொல்லும் ஹார்மோன் புற்றுநோயின் போக்கையும் சொல்கிறது

ஒரு சிறு பட்டை. அதன் மேல் இரண்டு மூன்று சொட்டு சிறுநீர். ஐந்து நிமிஷத்தில் கோடு தெரிகிறது. ஒரு கோடு என்றால் கர்ப்பம் இல்லை. இரண்டு கோடு என்றால் கர்ப்பம்.

கிராம சுகாதார நர்சின் பையில் இந்தப் பட்டை இருக்கிறது. சமவெளி ஊர்களைப் போலவே ஜவ்வாது மலைக் கிராமங்களிலும் கர்ப்பத்தை முதலில் சொல்வது இதுதான். "இரண்டு கோடு வந்துவிட்டது" என்றால் வீட்டில் சந்தோஷம்.

ஆனால், பிள்ளை இல்லாத வயிற்றிலும் சில சமயம் இரண்டு கோடு வருகிறது. ஆண்களுக்குக்கூட வருவதுண்டு! அப்போது அது சொல்லும் செய்தி வேறு. புற்றுநோய் இருக்கிறதா, இருந்தால் வைத்தியத்துக்குக் கட்டுப்படுகிறதா, மீண்டும் தலை தூக்குகிறதா என்பதை அந்த ஒரே பொருள் காட்டிக் கொடுக்கிறது.

அந்தப் பொருளின் பெயர் எச்.சி.ஜி. அது ஒரு ஹார்மோன். அதாவது, உடம்பின் ஓரிடத்தில் ஊறி, ரத்தத்தில் கலந்து, இன்னோரிடத்துக்குக் கட்டளை கொண்டு போகும் தூதன்.

தூதன் என்ன சொல்கிறான்?

பெண்ணின் கருப்பையில் கரு ஒட்டிக்கொண்டதும், பின்னால் நச்சுக்கொடியாக வளரப்போகும் திசு இந்த ஹார்மோனைச் சுரக்கத் தொடங்குகிறது. "கரு வந்துவிட்டது. மாதவிலக்கை நிறுத்து" என்பதுதான் அது கொண்டு போகும் கட்டளை. முதல் வாரங்களில் சுமார் இரண்டு நாளுக்கு ஒரு முறை அதன் அளவு இரட்டிக்கிறது. எட்டு முதல் பத்து வாரத்தில் உச்சிக்குப் போகிறது. பிறகு மெல்ல இறங்குகிறது. பிரசவம் ஆன சில வாரங்களில் இல்லாமலே போய்விடுகிறது.

இதைச் சிறுநீரில் கண்டுபிடிக்க வழி சொன்னவர்கள் பெர்லின் நகரத்து விஞ்ஞானிகள் இருவர். ஒருவர் ஆஷ்ஹைம், மற்றவர் சோன்டெக். 1928இல் அவர்கள் சொன்ன முறை விசித்திரமானது. பெண்ணின் சிறுநீரைச் சுண்டெலிக் குட்டிகளுக்கு ஊசி மூலம் செலுத்துவார்கள். சில நாள் கழித்து எலியை அறுத்து அதன் சூலகத்தைப் பார்ப்பார்கள். அது வளர்ந்திருந்தால் கர்ப்பம்! அந்தக் காலத்திலேயே சோன்டெக் இன்னொன்றையும் கவனித்தார். விதைப்பையில் புற்றுநோய் வந்த ஆண்களின் சிறுநீரும் எலியின் சூலகத்தை வளர்த்தது. கர்ப்பத்தின் ஹார்மோனுக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டு என்ற செய்திக்கு ஏறக்குறைய நூறு வயதாகப் போகிறது. (சோன்டெக் யூதர். 1933இல் ஹிட்லர் ஆட்சி அவரை வேலையிலிருந்து விரட்டியது. கடைசியில் ஜெருசலேமில் போய் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார்.)

முத்துப்பிள்ளை

மலையிலும் சமவெளியிலும் குடும்பங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது முத்துப்பிள்ளை என்ற கர்ப்பத்தைப் பற்றித்தான்.

இதில் கரு பிள்ளையாக வளர்வதில்லை. நச்சுக்கொடியாக வேண்டிய திசு மட்டும் தாறுமாறாகப் பெருகி, நீர் கோத்த சிறு சிறு முத்துக்களாக, திராட்சைக் குலை போல ஆகிவிடுகிறது. சுமார் ஐந்நூறு முதல் ஆயிரம் கர்ப்பத்தில் ஒன்று இப்படி ஆகலாம் என்று கணக்கு. ஆசிய நாடுகளில் இது சற்று அதிகம். மிக இளம் வயதிலும், நாற்பதைத் தாண்டிய பிறகும் கருத்தரிப்பவர்களுக்கு வாய்ப்புக் கூடுகிறது.

பட்டையில் இரண்டு கோடு வரும். வாந்தி அளவுக்கு மீறி இருக்கும். மாதக் கணக்கை மிஞ்சி வயிறு பெரிதாகத் தெரியும். மூன்றாம் நான்காம் மாதத்தில் உதிரம் போகும். ஸ்கேன் எடுத்தால் பிள்ளை இராது.

உடனே வீட்டில் பேச்சு கிளம்பும். "இவள் கண்டதைத் தின்றாள்", "ஆகாத இடத்துக்குப் போனாள்" என்பார்கள். இதில் பெண்ணின் குற்றம் ஏதும் இல்லை. முழு முத்துப்பிள்ளை என்ற வகையில் தாயின் கருமுட்டை தன் மரபுச் சரக்கை இழந்து வெறும் கூடாக நிற்கிறது. உள்ளே இருப்பது முழுதும் தகப்பன் வழி வந்ததுதான். பழி சொல்லத் துடிக்கும் வாய்கள் இதைக் கேட்டால் கொஞ்சம் அடங்கும். உண்மையில் தகப்பன் மேலும் குற்றம் இல்லை. இது இயற்கையின் தவறு.

டாக்டர்கள் கருப்பையைச் சுத்தம் செய்துவிடுவார்கள். பெரும்பாலோருக்கு அதோடு சரி. ஆனால் முழு முத்துப்பிள்ளை வந்த நூறு பேரில் சுமார் 15 முதல் 20 பேருக்கு, ஒட்டிக்கொண்டு மிஞ்சிய சில அணுக்கள் மறுபடி வளரத் தொடங்குகின்றன. சிலருக்கு அது புற்றுநோயாகவே மாறி ரத்தத்தின் வழியே நுரையீரலுக்குப் போகிறது. மூளைக்கும் போகலாம்.

அந்தப் பெண்ணைப் பார்த்தால் நோயாளி என்று சொல்ல முடியாது. நடப்பாள், சமைப்பாள், களை எடுப்பாள். உள்ளே நடப்பதைச் சொல்ல ஒரே சாட்சி எச்.சி.ஜி.தான். மிஞ்சிய அணு ஒவ்வொன்றும் அதைச் சுரந்துகொண்டே இருக்கிறது.

ஆகவே சுத்தம் செய்த பிறகு வாரம் ஒரு முறை ரத்தம் எடுத்து அளக்கிறார்கள். லிட்டருக்கு லட்சம் யூனிட்டுக்கு மேல் இருந்தது ஆயிரமாகி, நூறாகி, ஐந்துக்குக் கீழே போக வேண்டும். இறங்கிக்கொண்டே போனால் கவலை இல்லை. மூன்று வாரம் ஒரே இடத்தில் நின்றுவிட்டாலோ, இரண்டு வாரம் தொடர்ந்து ஏறினாலோ, மருந்து தொடங்க வேண்டும். ஸ்கேனில் ஒன்றும் தெரியாவிட்டாலும், அந்தப் பெண் "எனக்கு ஒன்றும் இல்லை" என்றாலும், எண் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

மருந்து தொடங்கும் முன் இருக்கும் எண் நோயின் போக்கையும் முன்கூட்டிச் சொல்கிறது. உலகமெங்கும் டாக்டர்கள் இதற்கு மதிப்பெண் போடுகிறார்கள். ஆயிரத்துக்குக் கீழே என்றால் பூஜ்யம். லட்சத்துக்கு மேலே என்றால் 4. வயது, எந்தக் கர்ப்பத்துக்குப் பின் வந்தது, எத்தனை மாதம் ஆயிற்று, எங்கெல்லாம் பரவியது என்பவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. கூட்டினால் 6 வரை என்றால் ஆபத்துக் குறைவு. ஒரே மருந்து போதும். அநேகமாக எல்லோரும் பிழைக்கிறார்கள். 7 அல்லது அதற்கு மேல் என்றால் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அவர்களிலும் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வரை பிழைக்கிறார்கள். இந்த மதிப்பெண்ணில் மட்டும் குறைய எடுத்தவர்தான் கெட்டிக்காரர்!

சென்னையில் படித்தவரின் ஆய்வுக்கூடம்

1950க்கு முன்பு இந்த நோய் பரவிவிட்டால் அநேகமாக மரணம்தான். அதை மாற்றிய மருந்து மெத்தோட்ரெக்ஸேட். அதன் வரலாற்றில் சென்னைக்கும் பங்கு உண்டு.

எல்லாப்ரகட சுப்பாராவ் 1895இல் பீமாவரத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தார். காந்தியின் பேச்சைக் கேட்டுக் கதர் அணிந்து கல்லூரிக்குப் போனார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. முழுப் பட்டம் கிடைக்காமல் அதற்கு ஒரு படி கீழான சான்றிதழ்தான் கிடைத்தது. சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டு 1922இல் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். பிற்பாடு லெடர்லி கம்பெனியின் ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைவரானார். அவருக்குக் கீழே இருந்த குழுதான் போலிக் அமிலத்தைச் செய்முறையாகத் தயாரித்தது. கர்ப்பிணிகளுக்கு இன்று கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையோடு சேர்ந்திருப்பது அந்தச் சத்துதான். அந்தச் சத்துக்கு எதிராக வேலை செய்து, வேகமாகப் பெருகும் அணுக்களைப் பட்டினி போடும் மருந்துகளும் அதே இடத்தில் பிறந்தன. மெத்தோட்ரெக்ஸேட் அவற்றில் ஒன்று. 1948இல், 53 வயதில், சுப்பாராவ் காலமானார். தமது ஆய்வுக்கூடத்து மருந்து எத்தனை தாய்மார்களைக் காப்பாற்றப் போகிறது என்பதை அவர் பார்க்கவில்லை.

அமெரிக்க அரசின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தில் மின் சியூ லீ என்ற சீன டாக்டர் இருந்தார். அவரும் ராய் ஹெர்ட்ஸ் என்பவரும் இந்த மருந்தைப் பரவிய நோயுள்ள பெண்களுக்குக் கொடுத்து, 1956இல் வெற்றியை வெளியிட்டார்கள். நுரையீரலில் இருந்த கட்டிகள் மறைந்தன. படத்தில் ஒன்றும் இல்லை. மற்றவர்கள் மருந்தை நிறுத்தச் சொன்னார்கள். லீ மறுத்தார். சிறுநீரில் எச்.சி.ஜி. இன்னும் கொஞ்சம் இருந்தது. அது பூஜ்யம் ஆகும் வரை மருந்து வேண்டும் என்றார்.

"வெறும் எண்ணுக்கு வைத்தியம் பார்க்கிறாயா?" என்ற கோபத்தில் அவரை வேலையை விட்டுப் போகச் சொன்னார்கள். பிறகு என்ன ஆயிற்று? பாதியில் மருந்து நிறுத்தப்பட்ட பெண்களுக்கு நோய் திரும்பியது. லீ சொன்னபடி பூஜ்யம் வரை மருந்து பெற்றவர்களுக்குத் திரும்பவில்லை. கட்டியாக வளரும் புற்றுநோய் மருந்தால் மட்டுமே குணமானது அதுவே முதல் முறை. 1972இல் லாஸ்கர் பரிசு கொடுத்தார்கள். நீக்கியவர்கள் நாண வேண்டியதுதான்.

அதே 1972இல்தான் அமெரிக்க விஞ்ஞானிகள் இந்த ஹார்மோனை மட்டும் பிரித்து அளக்கும் முறையைக் கண்டார்கள். எச்.சி.ஜி. இரண்டு சங்கிலிகள் பின்னியது. ஆல்பா என்ற சங்கிலி உடம்பின் வேறு சில ஹார்மோன்களுக்கும் பொது. பீட்டா என்ற சங்கிலிதான் இதற்கே உரியது. பீட்டாவைப் பிடித்ததும் ஆள் மாறாட்டம் நின்றது. இன்றைய பட்டையும் இந்த அறிவின் வழி வந்ததுதான்.

மற்றப் புற்றுநோய்களில்

விதைப்பைப் புற்றுநோய் இளைஞர்களுக்கு வருவது. வலி இல்லாத கட்டியாகத் தொடங்கும். அதில் சில வகைகள் எச்.சி.ஜி. சுரக்கின்றன. 1997இல் உலக நிபுணர்கள் கூடி வகுத்த கணக்கில், எண் ஐயாயிரத்துக்குக் கீழே என்றால் நல்ல நிலை. ஐம்பதாயிரத்துக்கு மேலே என்றால் கடினம் என்று, மற்ற அடையாளங்களோடு சேர்த்து முடிவு செய்கிறார்கள். 2012இல் அமெரிக்காவில் ஓர் ஆண் விளையாட்டாகக் கர்ப்பப் பட்டையைப் போட்டுப் பார்க்க, இரண்டு கோடு வந்து, விதைப்பையில் கட்டி இருப்பது தெரிந்தது என்று பத்திரிகைகள் எழுதின. அதைப் படித்துவிட்டுப் பட்டை வாங்கப் போக வேண்டாம். இந்த நோய் உள்ள பலருக்கு எச்.சி.ஜி. வருவதே இல்லை. கட்டி தட்டுப்பட்டால் டாக்டரிடம் காட்டுவதுதான் வழி.

சிறுநீர்ப்பை, நுரையீரல், கணையம், பெருங்குடல், கருப்பை வாய் ஆகிய இடங்களில் வரும் புற்றுநோய்களில் ஒரு பகுதி, பீட்டா சங்கிலியை மட்டும் தனியே சுரக்கிறது. லண்டன் செயின்ட் பார்த்தலோமியு ஆஸ்பத்திரியிலும், பின்லாந்தின் ஹெல்சிங்கியிலும் விஞ்ஞானிகள் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். பீட்டா சுரக்கும் கட்டி உள்ளவர்களுக்கு நோய் வேகமாகப் போகிறது, மருந்துக்கு அடங்குவதும் குறைவு என்பதே பொதுவாகக் கண்ட முடிவு.

ஏன்? அது வெறும் அடையாளம் அல்ல, கட்டிக்கு உதவியும் செய்கிறது என்று அவர்கள் கருதுகிறார்கள். சாக வேண்டிய அணுவைச் சாகவிடாமல் அது காக்கிறதாம். யோசித்தால் ஆச்சரியம் இல்லை. கருப்பைச் சுவரைத் துளைத்து உள்ளே போவது, புது ரத்தக் குழாய்களை இழுத்துக்கொள்வது, தாயின் நோய் எதிர்ப்புச் சக்தியிடம் அடிபடாமல் இருப்பது, இவை நச்சுக்கொடியின் வேலைகள். பிள்ளைக்காக இயற்கை கொடுத்த சாமர்த்தியத்தைப் புற்றுநோய் திருடிக்கொள்கிறது.

ஆனால் இந்த நோய்களுக்கெல்லாம் எச்.சி.ஜி. பார்ப்பது இன்னும் வழக்கமான பரிசோதனை ஆகவில்லை. எல்லாக் கட்டிகளும் அதைச் சுரப்பதில்லை. சுரந்தாலும் வைத்தியத்தை எப்படி மாற்றுவது என்பது தெளிவாகவில்லை. ஆகவே "எனக்கும் எழுதிக் கொடுங்கள்" என்று டாக்டரை நச்சரிப்பதில் லாபம் இல்லை. டில்லி தேசிய நோய்த்தடுப்பு ஆராய்ச்சி நிலையத்தில் ஜி. பி. தல்வார் இந்த ஹார்மோனுக்கு எதிராகவே தடுப்பூசி செய்தார். கருத்தடைக்காகச் செய்தது அது. 1994இல் வெளியான சோதனையில், போதிய எதிர்ப்பொருள் உண்டான பெண்களிடம் 1,224 மாதச் சுழற்சிகளில் ஒரே ஒரு கர்ப்பம்தான் உண்டாயிற்று. அதே ஊசி எச்.சி.ஜி. சுரக்கும் புற்றுநோய்க்கும் உதவுமா என்ற கேள்வியையும் அவர் எழுப்பினார். இன்னும் அது சந்தைக்கு வரவில்லை.

பெரிய கருவியும் ஏமாறும்

எண்ணை நம்ப வேண்டும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. அமெரிக்காவில் 1990களில் சில பெண்களின் ரத்தத்தில் எச்.சி.ஜி. இருப்பதாகக் கருவி காட்டியது. கர்ப்பம் இல்லை. "அப்படியானால் புற்றுநோய்" என்று மருந்து கொடுத்தார்கள். சிலருக்குக் கருப்பையையே எடுத்துவிட்டார்கள். பிறகு பார்த்தால், அவர்கள் ரத்தத்தில் இருந்த வேறு ஒரு எதிர்ப்பொருள் கருவியை ஏமாற்றியிருந்தது. புற்றுநோயே இல்லை!

இதைக் கண்டுபிடிக்க என்ன வழி? சிறுநீரைப் பார்ப்பதுதான். அந்த எதிர்ப்பொருள் சிறுநீருக்கு வராது. உண்மையான எச்.சி.ஜி. வரும். லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய கருவியைச் சரிபார்ப்பது சில ரூபாய்ப் பட்டை!

பட்டைக்கும் குறை உண்டு. முத்துப்பிள்ளையில் ஹார்மோன் மிக மிக அதிகமாகிவிட்டால், பட்டை திணறிப்போய் "இல்லை" என்று காட்டிவிடும். வயிறு பெரிதாகிறது, வாந்தி நிற்கவில்லை, பட்டை மட்டும் இல்லை என்கிறது என்றால், சிறுநீரில் தண்ணீர் கலந்து மறுபடி பார்ப்பதும் ஸ்கேன் எடுப்பதும் ஆஸ்பத்திரியில் தெரிந்த விஷயம்தான். கேட்க வேண்டும்.

மலை இறங்குவது யார்?

ஜவ்வாது மலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. மலையாளிப் பழங்குடி மக்கள் சாமை பயிரிட்டும், புளியும் தேனும் சேகரித்தும் வாழ்கிறார்கள். மலையின் காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் இருக்கிறது. கோடி கோடி மைலுக்கு அப்பாலுள்ள நட்சத்திரத்தின் மங்கல் வெளிச்சத்தை அதில் அளக்கிறார்கள். ஒரு பெண்ணின் ரத்தத்தில் உள்ள ஹார்மோனை எண்ணாக அளக்கும் பெரிய கருவிகளோ கீழே, நகரத்து ஆஸ்பத்திரிகளில்.

பட்டை "உண்டு, இல்லை" என்று மட்டும் சொல்லும். லட்சம் ஆயிரமானதா என்று சொல்லாது.

முத்துப்பிள்ளையைச் சுத்தம் செய்துகொண்டு ஜமுனாமரத்தூருக்கு அப்பால் ஒரு கிராமத்துக்குத் திரும்பிய பெண் ஒருத்தி என்று வைத்துக்கொள்வோம். வாரம் ஒரு முறை வரச் சொல்கிறார்கள். கிராமத்திலிருந்து ஜமுனாமரத்தூருக்கு நடை அல்லது ஜீப். அங்கிருந்து போளூருக்கு மலைப்பாதையில் பஸ். மறுபடி இன்னொரு பஸ். துணைக்கு ஒருவர் வேண்டும். இரண்டு பேர் கூலியும் போகும். கைக்குழந்தை இருந்தால் அதுவும் கூட. முதல் வாரம் போவாள். இரண்டாம் வாரம் போவாள். உடம்பு நன்றாக இருக்கிறது. அறுவடை வந்துவிட்டது. மூன்றாம் வாரம் போவாளா?

போகாவிட்டால் அவளை யாரும் அலட்சியக்காரி என்று சொல்லக்கூடாது. மலைப்பாதை எப்படிப்பட்டது என்பதற்கு 2023 மே மாதமே சாட்சி. வேலூர்ப் பக்கத்து அல்லேரி மலைக் கிராமத்தில் பாம்பு கடித்த குழந்தை, சாலை இல்லாததால் ஆஸ்பத்திரி சேரும் முன்பே இறந்தது. உடலை வீட்டுக்குக் கொண்டுவரவும் தாய் மலையில் நடக்க வேண்டியிருந்தது. நாடே அந்தப் படத்தைப் பார்த்தது. பாம்புக் கடி பதறி ஓடச் செய்யும் ஆபத்து. இறங்காத எச்.சி.ஜி. சத்தம் போடாத ஆபத்து. அதற்காக யார் பதறி ஓடுவார்கள்?

இதற்கு ஒரு வழி உண்டு. பெண் மலை இறங்க வேண்டாம், ரத்தம் இறங்கட்டும். ரத்தத்திலிருந்து தெளிந்த நீரைப் பிரித்துக் குளிரில் வைத்தால் ஓரிரு நாளில் இந்த ஹார்மோன் கெட்டுப்போகாது. தடுப்பு மருந்துகள் குளிர்ப்பெட்டியில் வாராவாரம் மலை ஏறுகின்றன. அதே பெட்டி காலியாகத்தானே இறங்குகிறது? ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்துக் கீழே அனுப்பி, எண்ணைப் போனில் நர்சுக்குச் சொன்னால், இறங்கும் எண் உள்ளவள் வயலுக்குப் போகலாம். ஏறும் எண் உள்ளவளை மட்டும் உடனே வண்டி வைத்து அழைத்து வரலாம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் சமூக சுகாதாரப் பிரிவு இந்த மலையில் நெடுங்காலமாக வேலை செய்கிறது. அரசு நர்சுகள் கிராமம் கிராமமாகப் போகிறார்கள். ஆட்கள் இருக்கிறார்கள். எண்ணைத் தொடர்ந்து குறித்துக்கொள்ளும் ஏற்பாடுதான் வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட அத்தியாவசியப் பரிசோதனைப் பட்டியலில், இந்த நோய்களைக் கண்காணிக்க எச்.சி.ஜி. அளவும் இடம் பெற்றது. மெத்தோட்ரெக்ஸேட் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. விலையும் அதிகம் இல்லை. மருந்து மலிவு, பரிசோதனை தெரிந்தது, குணம் அநேகமாக நிச்சயம். இப்படிப்பட்ட புற்றுநோயில் ஒரு பெண்ணை பஸ் வசதி இல்லாததால் இழப்பது பெரும் அநியாயம்.

காசநோய் என்று எண்ணிவிடும் தவறு

இன்னொரு விஷயமும் கவனிக்கத்தக்கது. இந்தப் புற்றுநோய் முத்துப்பிள்ளைக்குப் பிறகு மட்டும் வருவதல்ல. கருச்சிதைவுக்குப் பிறகும், சுகப் பிரசவத்துக்குப் பிறகும்கூட அபூர்வமாக வரும். நுரையீரலுக்குப் பரவினால் இருமலும், சளியில் ரத்தமும், எக்ஸ்ரேயில் புள்ளிகளும் தெரியும். இவ்வளவும் இருந்தால் முதலில் நினைவுக்கு வருவது காசநோய்தான். சளியில் கிருமி இல்லாமலே மாதக் கணக்கில் காசநோய் மாத்திரை சாப்பிட்டுக் காலம் கடத்திவிடலாம். பிள்ளை பெற்றோ கரு கலைந்தோ சில மாதங்கள் ஆன பெண்ணுக்கு இப்படி இருமல் வந்தால், அல்லது உதிரப்போக்கு நிற்காமல் இருந்தால், சிறுநீர்ப் பட்டையை ஒரு முறை போட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். அந்தப் பட்டை மலையிலேயே இருக்கிறது.

எண்ணைக் கவனிக்கும் மாதங்களில் மறுபடி கர்ப்பம் ஆகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். புதுக் கர்ப்பமும் அதே ஹார்மோனைச் சுரக்கும். ஏறுவது பிள்ளையாலா, நோயாலா என்று டாக்டருக்குத் தெரியாமல் போகும். இதைக் கணவனிடமும் மாமியாரிடமும் சேர்த்துச் சொல்லி அனுப்புவது நர்சின் வேலை. பெண்ணிடம் மட்டும் சொன்னால் போதாது.

எண் இறங்கி, டாக்டர் சொன்ன காலம் முடிந்தபின் பிள்ளை பெறத் தடை இல்லை. மெத்தோட்ரெக்ஸேட் எடுத்துக் குணமான பெண்கள் நல்லபடியாகப் பிள்ளை பெற்றிருக்கிறார்கள். முத்துப்பிள்ளை மறுபடி வருவது நூற்றில் ஒருவருக்குத்தான். அடுத்த கர்ப்பத்தில் முன்கூட்டியே ஒரு ஸ்கேன் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பிரசவம் ஆகி ஆறு வாரம் கழித்து எச்.சி.ஜி.யை இன்னொரு முறை அளந்து பார்க்க வேண்டும்.